படகு வாங்குவதா, வேண்டாமா? வெள்ள வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்

கழனிவாசல் எழுதியது:

வேலூர் பக்கத்து நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் பாலாற்றங்கரையில், விரிஞ்சிபுரத்துக்கு அருகில் இருக்கிறது. 2021 நவம்பர் வெள்ளத்தில் யாரும் அழைக்காமலே 11 பேர் ஒன்றுசேர்ந்து வேலை செய்தோம். அன்றிலிருந்து ஒவ்வோர் ஐப்பசியிலும் கூடிப் பேசுகிறோம். இந்த ஆண்டு ஊரார் கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ரப்பர் படகு வாங்க வேண்டும் என்று குழுவின் இளையவர்கள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணத்தைத் தெளிவாகச் சொல்லவும் தெரியவில்லை. அதனால் அந்த இரவை அப்படியே எழுதுகிறேன்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய இரவு அது, நவம்பர் 18. பகல் முழுக்க மழை விடவில்லை. பாலாற்றில் தண்ணீர் வருவதைப் பார்க்க மாலையில் ஊரே கரைக்குப் போயிருந்தது. எங்கள் தலைமுறைக்கு பாலாறு என்றால் மணல்தான். கரையோடு கரையாகத் தண்ணீர் போவதைப் பார்த்து கிழவிகள் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்கள். இரவு பத்து மணிக்கு மேல் அதே தண்ணீர் கரையோரத் தெருவுக்குள் ஏறத் தொடங்கியது. கதவு கதவாகத் தட்டினோம். பெரும்பாலானவர்கள் உடனே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். ஒரு பெரியவரும் அவர் மனைவியும் மட்டும் அசையவில்லை. மண்சுவர் வீடு, மேலே நாட்டு ஓடு. "என் அப்பா காலத்தில் நிற்காத வீடா இது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அரை மணி நேரம் கெஞ்சினோம். கடைசியில் அந்த அம்மாவைத்தான் சம்மதிக்க வைக்க முடிந்தது. அவர் எழுந்து நடந்தபின் பெரியவரும் பின்னால் வந்தார். விடிந்து மழை விட்ட பிறகு, தண்ணீர் ஏறாத அந்த வீட்டின் பக்கச் சுவர் உள்பக்கமாகச் சரிந்து கட்டில்மேல் விழுந்து கிடந்தது.

தண்ணீருக்குள் நாங்கள் இறங்கியது ஒரே ஒரு முறை. மேட்டில் சிக்கிய மாட்டைக் கொண்டுவர, ஒரு தம்பியின் இடுப்பில் தாம்புக் கயிறு கட்டி அனுப்பினோம். பத்தடி போவதற்குள் கால் வாரிவிட்டது. நாங்கள் கயிற்றை இழுக்க இழுக்க அவன் தண்ணீருக்குள் அமிழ்ந்தான். கயிறு ஒரு சீமைக்கருவேல மரத்தில் சுற்றி, அவன் கிளையைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தான். அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது. படகு என்று யாராவது சொன்னால் அந்த முகம்தான் வருகிறது.

மாதனூரான் எழுதியது:

அண்ணா, உங்கள் தம்பி பிழைத்தது பெரிய நிம்மதி. ஆனால் படகு இருந்திருந்தால் அவனை இடுப்பில் கயிறு கட்டி அனுப்பியே இருக்க மாட்டீர்கள் அல்லவா?

என் தரப்பைச் சொல்கிறேன். அதே வெள்ளத்தில் எங்கள் பக்கத் தரைப்பாலம் போய்விட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உறவினர் குடும்பம் மாடியில் நின்றிருந்தது. கைக்குழந்தையோடு இரவு முழுவதும் நின்றார்கள். நாங்கள் இந்தப் பக்கம் நின்று கைவிளக்கை ஆட்டிக்கொண்டிருந்தோம். கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் பேசினோம், பதிவு செய்துகொண்டார்கள். அன்று மாவட்டமெங்கும் இதே நிலை, எத்தனை இடங்களுக்குத்தான் அவர்கள் படகு அனுப்புவார்கள்? தேசிய பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்தில் இருக்கிறது. அவர்கள் அங்கிருந்து சாலைகளெல்லாம் வெட்டுப்பட்டுக் கிடக்கும்போது வந்து சேர வேண்டும். அதுவரை ஊர்க்காரன் என்ன செய்வது? நின்று பார்ப்பதைத் தாங்க முடியாதவர்கள்தான் படகு கேட்கிறோம். எங்களுக்கு நீச்சல் தெரியும். சின்ன வயதிலிருந்தே கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள்.

ஓய்வில்தீயணைப்போன் எழுதியது:

தீயணைப்பு மீட்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி மாதனூரான், நின்று பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். சீருடை போட்டுக்கொண்டும் அப்படி நின்றிருக்கிறேன்.

உங்கள் கடைசி வரியைத்தான் பிடித்துக்கொள்கிறேன். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் கிணற்றில் நீந்தக் கற்றவர்கள். கிணற்றுத் தண்ணீர் நிற்கும் தண்ணீர். கைகால் அசைத்தால் மேலே வருவீர்கள், நான்கு பக்கமும் சுவர் இருக்கிறது. வெள்ளத்துக்கு அந்தக் குணம் கிடையாது. வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். கணுக்காலுக்குச் சற்று மேலே, அரையடி உயரத்தில் வேகமாகப் போகும் தண்ணீரே வளர்ந்த ஆளைக் கீழே தள்ளிவிடும். ஓரடித் தண்ணீர் சிறிய காரை நகர்த்திவிடும். தண்ணீர் ஒரு கன மீட்டர் ஒரு டன் எடை என்பதை நினைவில் வைத்தால் இது வியப்பாக இருக்காது.

இன்னொன்று நம் ஆற்றுக்கே உரியது. பாலாற்றின் அடிப்பரப்பு நீங்கள் சிறுவயதில் ஓடி விளையாடிய சமதளம் இல்லை. மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று யாருக்கும் கணக்கில்லை. முழங்கால் அளவு என்று நம்பி எடுத்து வைக்கும் அடுத்த அடி இரண்டு ஆள் ஆழத்தில் போய் விழும். படகும் இதிலிருந்து தப்பாது. பாதி மூழ்கிய முள்மரங்களின்மேல் ரப்பர் படகு போய்ச் சிக்கினால், பின்னால் வரும் தண்ணீர் அதை அந்த மரத்தோடு வைத்து அழுத்தும். பயிற்சி பெற்றவர்களே அஞ்சும் இடம் அது.

கழனிவாசல், இடுப்பில் கயிறு கட்டியதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஓடும் தண்ணீரில் இருப்பவரின் உடம்பில் அவிழ்க்க முடியாத முடிச்சாகக் கயிறு கட்டவே கூடாது. கரையில் இருப்பவர்கள் இழுத்துப் பிடித்தவுடன் தண்ணீர் அவரை மேலிருந்து அழுத்தி மூழ்கடிக்கும். நீங்கள் பார்த்தது அதைத்தான். பலம் போதாமல் நடந்ததல்ல அது. நீங்கள் விட்டிருந்தால் அவர் மேலே வந்திருப்பார். நாங்கள் பயன்படுத்தும் மிதவை உடையில் ஒரே இழுப்பில் கழன்றுகொள்ளும் கொக்கி இருக்கும், கயிறு அதில்தான் மாட்டப்படும்.

ஊர்க் குழுவுக்கு நான் சொல்வது எப்போதும் ஒரே வரிசைதான். முதலில் கரையில் நின்றபடி மூங்கில் கழியை நீட்டுங்கள். எட்டவில்லை என்றால் கயிற்றையோ, காற்றடைத்த லாரி டியூபையோ, மூடி இறுக்கிய காலிக் கேனைக் கயிற்றில் கட்டியோ வீசுங்கள். கயிற்றை வீசியவர் கீழ்நோக்கிக் கரையோரமாகவே நடந்துபோனால், பிடித்துக்கொண்டவரைத் தண்ணீரே வளைத்துக் கரையில் சேர்க்கும். படகு அதற்குப் பிறகுதான். நீந்திப் போவது எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் பயிற்சி பெற்றவருக்கு மட்டும்.

கழனிவாசல் எழுதியது:

ஐயா, விட்டிருந்தால் மேலே வந்திருப்பான் என்பதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்துபோய் வெளியே நின்றேன். நாங்கள் இத்தனை ஆண்டுகளாக, இன்னும் நான்கு பேர் இருந்திருந்தால் வலுவாக இழுத்திருக்கலாம் என்றுதான் பேசிவந்தோம். அவனிடம் இன்றே சொல்லிவிட்டேன்.

நெசவுத்தெரு எழுதியது:

நான் குடியாத்தம். எங்களை மிரட்டியது பாலாறு இல்லை, ஊருக்குள்ளேயே ஓடும் கவுண்டன்ய ஆறு. 2021-இல் மகளிர் குழுவிலிருந்து ஆறு பேர் வீடு வீடாகப் போனோம். மீட்புக் குழு என்று எங்களை யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்று நாங்கள் செய்ததும் அந்த வேலைதான் என்று நினைக்கிறேன்.

"மக்கள் வெளியே வர மறுக்கிறார்கள்" என்று அதிகாரிகள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். ஏன் மறுக்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டால் பதில் கிடைக்கும். எங்கள் தெருவில் குழித்தறி, தரையில் தோண்டிய குழிக்குள் கால் வைத்து நெய்யும் தறி. தறிக்குழிக்குள் தண்ணீர் இறங்கினால் பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் கட்டிய நூல், நனைந்துவிடும். லுங்கிக்குப் போட்டிருக்கும் அந்தப் பாவு கூட்டுறவுச் சங்கத்துடையதோ, நூல் கொடுத்து நெய்ய வைக்கும் மாஸ்டர் வீவருடையதோ. நனைந்தால் நெசவாளி தலையில் கடன். அந்த மனிதரிடம் போய் "உயிர்தானே முக்கியம்" என்று சொல்லிப் பயனில்லை. அவருக்கு அது தெரியும். நாங்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு, பாவைச் சுருட்டிப் பரண்மேல் ஏற்றக் கைகொடுத்தோம். ஒரு வீட்டுக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. அதன்பின் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மாடு வைத்திருப்பவர்களும் அப்படித்தான். ஓட்டிச் செல்ல முடியாவிட்டால் தும்பையாவது அவிழ்த்துவிட வேண்டும். கட்டிய மாடு கட்டிய இடத்திலேயே சாகும், அவிழ்த்த மாடு மேட்டைத் தேடிக்கொள்ளும். ரேஷன் அட்டை, ஆதார், பட்டா, நகை அடகுச் சீட்டு, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், இவை எங்கே இருக்கின்றன என்று முன்பே கேட்டு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட வைத்தால் பாதிப் பிடிவாதம் போய்விடும். பெண்கள் சிலர் முகாமுக்கு வர மறுத்ததற்கு வேறு காரணம். அந்தப் பள்ளியில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதை ஆண்கள் குழுவிடம் யார் சொல்வார்கள்? ஒரு தச்சரை அழைத்து இரண்டு தாழ்ப்பாள் போட்ட பிறகு 20 பேருக்கு மேல் வந்தார்கள்.

கழனிவாசல் தம்பி, உங்கள் குழுவில் பெண்கள் எத்தனை பேர்?

மாதனூரான் எழுதியது:

அக்கா சொல்வதைப் படித்தபோது எங்கள் உறவினர் வீடு நினைவுக்கு வந்தது. அவர்களும் மாட்டுக்காகத்தான் இருந்துவிட்டார்கள். மாலை ஐந்து மணிக்கே யாராவது போய் அந்த மாட்டுக்கு வழி சொல்லியிருந்தால் மாடியில் நின்றிருக்க வேண்டாம். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஐந்து மணிக்கு இரவு இப்படி ஆகும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஆயக்கட்டு எழுதியது:

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நமக்கு வரும் தண்ணீர் பெரும்பாலும் நம் தலைமேல் பெய்த மழை இல்லை. பாலாறு கர்நாடகத்தின் கோலார் பக்கமிருந்து ஆந்திரத்தைக் கடந்து வருகிறது. பொன்னை ஆறு சித்தூர் மாவட்டத்திலிருந்து வருகிறது. அங்கே கலவகுண்டா அணையில் தண்ணீர் திறந்தால் நமக்குச் செய்தி வரும். அந்தச் செய்தியை டிவியில் பார்த்துவிட்டு உறங்கப் போய்விடுகிறோம். குடியாத்தத்துக்கு மேலே, கவுண்டன்ய ஆற்றில் இருக்கும் மோர்தானா அணைக்குத் திறக்கும் மதகுக் கதவுகளே உபரிநீர்ப் பக்கம் இல்லை. 11.5 மீட்டர் நிரம்பினால் தானாக வழியும். ஆக, அணை எந்த அளவில் நிற்கிறது என்பதையும் மேலே மலையில் மழை எப்படி என்பதையும் ஒருவர் கேட்டு எழுதிவைத்தால், குடியாத்தத்துக்குக் கீழே இருக்கும் ஊர்களுக்குச் சில மணி நேரம் கையில் கிடைக்கும். மேல் ஊரில் ஒரு நம்பகமான ஆளின் கைபேசி எண் உங்கள் படகைவிடப் பெரியது.

1903 நவம்பரில் வாணியம்பாடியைப் பாலாறு அடித்துச் சென்றதும் இப்படி மேலிருந்து வந்த தண்ணீர்தான். மைசூர்ப் பகுதியில் ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம். ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் ஏரிகளில் மேலே ஒன்று உடைந்தால், அந்தத் தண்ணீரும் சேர்ந்து அடுத்ததை உடைக்கும். 2021-இல் பாலாற்றில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனபோது பெரியவர்கள் வாயில் வந்த சொல் 1903தான்.

எங்கள் குழுவின் வேலை ஏரிக்கரையில். மழைக்காலத்தில் இரவு இரண்டு இரண்டு பேராகக் கரைமேல் நடப்போம். ஒருவர் மேலே, ஒருவர் வெளிச்சரிவின் அடியில். அடியில் நடப்பவருக்குத்தான் வேலை அதிகம். கரையின் அடியில் தெளிந்த நீர் கசிந்தால் கவனித்து வைப்போம். கலங்கிய நீர் வந்தால் கரையின் உள்மண் கரைந்து வெளியே வருகிறது என்று பொருள். நண்டு வளையோ எலி வளையோ உள்ளுக்குள் பெரிதாகிக்கொண்டிருக்கிறது. அப்போது பதறிப்போய் அந்த வாயை அடைக்கக் கூடாது. அடைத்தால் பக்கத்தில் பீறிக்கொண்டு வரும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளைக் கிணற்று உறைபோல வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீரைக் கொஞ்சம் உயர விட வேண்டும். அந்த உயரத்தின் பாரம் எதிர்த்து அழுத்தும்போது வேகம் குறையும், நீர் தெளியும். தண்ணீர் வரட்டும், மண் வரக் கூடாது.

மூட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஒவ்வோர் ஆண்டும் இளைஞர்கள் இதில் பிசகுகிறார்கள். முட்ட முட்ட நிரப்பிக் கட்டிய மூட்டை உருண்டைக் கல்போல நிற்கும், இடையில் தண்ணீர் போகும். பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்பி, வாயை மடித்து, செங்கல் வரிசைபோல இணைப்பு மாற்றி அடுக்கிக் காலால் மிதித்தால் ஒன்றோடொன்று படிந்துவிடும்.

ஏரி நிரம்பிக் கோடி போகும்போது, உபரிநீர் வழியும் கலங்கலின்மேல் மூட்டை அடுக்குகிறவர்கள் உண்டு. இன்னும் ஓரடி தண்ணீர் பிடித்தால் இன்னொரு போகம் என்ற ஆசை. நானும் விவசாயி, அந்த ஆசை எனக்கும் புரியும். ஆனால் பெரிய மழை அறிவித்திருக்கும்போது அதைச் செய்பவரை எங்கள் குழு கைபிடித்துத் தடுக்கும். அதேபோல் ஏரி உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பகுதிக்குள், வீடு கட்டிக்கொண்டு, கலங்கலை உடைக்கச் சொல்லி இரவில் கடப்பாரையோடு வருகிறவர்களையும் தடுப்போம்.

புதுமனை எழுதியது:

கடப்பாரையோடு வந்தவர்களில் நான் இல்லை. ஆனால் உள்வாயில் வீடு கட்டியவன் நான். அங்கே மனைகளாகப் பிரித்துக் கல் நட்டு விற்றபோது அது ஏரி என்று சொல்ல யாரும் இல்லை. பத்திரம் பதிவாயிற்று. மின் இணைப்பு வந்தது. பல ஆண்டுகள் தண்ணீரே வரவில்லை. 2021-இல் இடுப்பளவு தண்ணீரில் என் தாயாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்று கரைமேல் நின்ற சிலர், "ஏரிக்குள் கட்டினால் இப்படித்தான்" என்று எங்கள் காதுபடச் சொன்னார்கள். அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை. தண்ணீரில் நிற்பவரிடம் நியாயம் பேசும் நேரம் அதுவா?

ஆயக்கட்டு எழுதியது:

இல்லை. அந்த நேரத்தில் அதைச் சொன்னது தவறு. எங்கள் ஆட்களாக இருந்தால் அவர்கள் சார்பில் வருந்துகிறேன். ஏரியின் எல்லை பற்றிய வழக்கு வேறு, அது தன் வழியில் நடக்கட்டும். ஆனால் கலங்கலை உடைக்க மட்டும் விட முடியாது. கீழே கால்வாயோரம் குடியிருப்பவர்கள் உறக்கத்தில் இருப்பார்கள். உங்கள் தெருவிலிருந்து இருவர் எங்களோடு கரைநடைக்கு வந்தால் நன்றாக இருக்கும். நீர்மட்டம் கண்ணெதிரே தெரிந்தால் எப்போது வெளியேறுவது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

புதுமனை எழுதியது:

வருகிறேன்.

செவிலித்தாய் எழுதியது:

அரசு மருத்துவமனையில் செவிலியர். வெள்ளம் வடிந்தபின் எங்களிடம் வருகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அவர்களில் கணிசமானோர் உங்களைப் போன்ற தன்னார்வலர்கள்.

அவர்கள் பாதத்தில்தான் முதலில் தெரியும். இரண்டு நாள் வெறுங்காலோடு சேற்றில் நின்று, முள்ளும் கண்ணாடியும் கிழித்து, தையல் போடும் நிலையில் வருகிறார்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. குழுவில் உள்ள எல்லோரும் மழைக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். புண் உள்ள காலோடு வெள்ள நீரில் நின்றவருக்கு ஒரு வாரம், பத்து நாளில் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தொடர்ந்து தண்ணீரில் வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒரு முறை டாக்ஸிசைக்ளின் கொடுப்பதுண்டு. அதை மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பிறகு பாம்பு. தண்ணீர் வடிந்த வீட்டுக்குள் முதலில் கையை விடாதீர்கள், கழியை விடுங்கள். முகாமில் தரையில் படுப்பவர்களை இரவில் கட்டுவிரியன் தீண்டினால் பெரும்பாலும் வலியே இருக்காது. காலையில் வயிற்று வலி, இமை தொங்குகிறது என்பார்கள். கயிறு கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கைகாலை அசையாமல் வைத்து நேராக மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அந்த ஆண்டு ஓர் இளைஞர் காய்ச்சல் என்று மூன்று முறை வந்தார். காய்ச்சல் இல்லை. உறக்கம் இல்லை. இடிபாட்டிலிருந்து ஒரு குழந்தையை எடுத்த குழுவில் அவர் இருந்திருக்கிறார். பேரணாம்பட்டில் அந்த நவம்பர் 19 விடியலில் வீடு இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்ததை எல்லோரும் செய்தியாகப் படித்தோம். அப்படிப்பட்ட இடங்களில் மண்ணைக் கையால் தோண்டியவர்களை நாம் பிறகு ஒரு வார்த்தை கேட்டோமா? கழனிவாசல் தம்பி, கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை உங்கள் 11 பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடம் வாருங்கள், இதற்கும் மருத்துவம் இருக்கிறது.

ஓய்வில்தீயணைப்போன் எழுதியது:

அம்மா சொன்னதற்கு நன்றி. எங்கள் காலத்தில் இதைப் பேசியதே இல்லை.

சுவரைப் பற்றி ஒன்று. கழனிவாசல் கண்ட சுவரும் பேரணாம்பட்டும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் ஊருக்குள் ஊறிப்போன சுவர் கண்ணில் படாது. மழை விட்டபின்னும் சுவர் விழும். ஆகவே மழை நின்றதும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். புதிய விரிசல், சாய்வு, பிதுக்கம், கதவு திடீரென்று இறுகிக்கொள்வது, இவற்றைப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு அனுப்புங்கள். பக்கத்து வீட்டுச் சுவர் எந்தப் பக்கம் விழும் என்பதையும் பாருங்கள். மின் இணைப்பை முதன்மை ஸ்விட்சில் துண்டித்திருப்பது முக்கியம்.

மாதனூரான் எழுதியது:

ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. முறையான பயிற்சி எடுத்துக்கொண்டால் ஒரு நாள் படகு வைத்துக்கொள்ளலாமா? மாடியில் நின்ற குழந்தையை என்னால் மறக்க முடியவில்லை.

ஓய்வில்தீயணைப்போன் எழுதியது:

மறக்க வேண்டாம் தம்பி. ஆப்த மித்ரா என்ற திட்டத்தில் அரசே ஊர் இளைஞர்களுக்குப் பேரிடர்ப் பயிற்சி கொடுத்திருக்கிறது. அடுத்து எப்போது என்று மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கேளுங்கள். அருகில் உள்ள தீயணைப்பு நிலையத்துக்குப் போய் ஒத்திகை நாளில் உடன் இருக்க அனுமதி கேளுங்கள். ஓடாத தண்ணீரில், தெருக்களில் தேங்கிய வெள்ளத்தில், ஆட்களை ஏற்றி இறக்கப் படகு நல்ல கருவிதான். துடுப்பும் கயிறும் கைக்குப் பழகட்டும். ஆனால் ஆறு சீறும்போது அதை ஆற்றில் இறக்க மாட்டேன் என்று எனக்கு இப்போதே வாக்குக் கொடுங்கள்.

மாதனூரான் எழுதியது:

கொடுக்கிறேன் ஐயா.

கழனிவாசல் எழுதியது:

நேற்று இரவு குழு கூடியது. இந்த இழை முழுவதையும் சத்தமாகப் படித்தோம். கயிறு கட்டி அனுப்பப்பட்ட தம்பிதான் படித்தான்.

படகுக்கு வைத்திருந்த பணத்தில் மிதவை உடைகள், வீசுகயிறுகள், தலையில் மாட்டும் விளக்குகள், ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்குகிறோம். ஆட்டோவில் கட்டும் ஒலிபெருக்கியும் வாங்குகிறோம், அன்று தொண்டை கிழியக் கத்தியது போதும். மீதி வங்கியில் இருக்கும். நெசவுத்தெரு அக்கா, எங்கள் குழுவில் பெண்கள் ஒருவரும் இல்லை என்பதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது. நேற்று நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் அன்று கணவரை எழுப்பி முன்னால் நடந்த அந்த அம்மா. எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எந்த வீட்டில் கர்ப்பிணி, யாருக்கு டயாலிசிஸ், யார் வீட்டுச் சுவர் மண்சுவர் என்று எங்களுக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பள்ளி நோட்டில் எழுத எழுத விளக்கு அணைக்க மணி பதினொன்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஆயக்கட்டு ஐயா சொன்னபடி எங்கள் ஏரிக்கரையை நடந்து பார்க்கிறோம். மதகையும் கலங்கலையும் காட்ட, ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் ஊர் நீர்க்கட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அருகில் இருப்பவர்கள் வரலாம். மண்வெட்டி கொண்டுவாருங்கள், கலங்கலுக்குக் கீழே கால்வாயில் முட்செடி மண்டிக் கிடக்கிறது.